திரையில் அடங்காத படிவம்



இன்று மாலை ஒரே ஒரு விட்ஜெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். உள்ளே இருப்பது பெரிது, அதற்குக் கிடைத்த இடம் சிறிது என்றால், மேலும் கீழும் உருட்டிப் பார்க்க வழி செய்து தரும் விட்ஜெட் அது. ஜிடிகே-யில் அதற்கு ஸ்க்ரோல்டு விண்டோ என்று பெயர். க்யூட்டியில் ஸ்க்ரோல் ஏரியா என்பார்கள், ஜாவா ஸ்விங்கில் ஸ்க்ரோல் பேன் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். இதற்கு ஒரு முழுச் சொற்பொழிவு வேண்டுமா என்று முன்வரிசை மாணவர்களுக்குத் தோன்றலாம். சாளர நிரல் எழுதப் பழகுகிறவர்கள் எங்கெங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால், திரும்பத் திரும்ப இந்த விட்ஜெட்டின் பக்கத்தில்தான் வந்து நிற்கிறேன். அதனால்தான் வேறு எதையும் சேர்க்காமல் இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்காட்டுகளுக்கு ஜிடிகே-யைப் பிடித்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1990களின் நடுவில் கிம்ப் படத்தொகுப்பு மென்பொருளை எழுதியபோது, அதற்காகவே உருவாக்கிய கருவித்தொகுதி இது. பிறகு க்னோம் திரைச்சூழல் முழுவதும் இதன்மேல் எழுந்தது. மூன்றாம் பதிப்பு 2011-லும் நான்காம் பதிப்பு 2020 டிசம்பரிலும் வந்தன. கட்டற்ற மென்பொருள் என்பதால், நான் சொல்வதில் சந்தேகம் வந்தால் மூல நிரலையே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விண்ணப்பப் படிவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கதவு எண், தெரு, வட்டம், மாவட்டம், வங்கிக் கணக்கு என்று நாற்பது வரிகள். ஒவ்வொரு வரியும் 34 பிக்சல் உயரம், நடுவில் இடைவெளி 6 பிக்சல். வரிக்கு 40 என்றால், நாற்பது வரிக்கு 1600 பிக்சல். நம் மாணவர்கள் பலர் கையில் இருக்கும் மடிக்கணினியின் திரை அகலம் 1366, உயரம் 768. அதிலும் மேலே தலைப்புப் பட்டை, கீழே பணிப்பட்டை போக மிஞ்சுவது எழுநூறுக்குள். படிவத்தின் கடைசியில் இருக்கும் ‘சேமி’ பொத்தான் திரைக்கு வெளியே எங்கோ இருக்கிறது. சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கலாம் என்றால் அதுவும் முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் விஷயம் தொடங்குகிறது. ஜிடிகே ஒரு சாளரத்தை வரைவதற்கு முன்னால் அதில் இருக்கும் ஒவ்வொரு விட்ஜெட்டையும் இரண்டு கேள்விகள் கேட்கிறது. குறைந்தது எவ்வளவு இடம் இருந்தால் உன்னால் நிற்க முடியும்? வசதியாக நிற்க எவ்வளவு வேண்டும்? உரைப்பெட்டி தன் அளவைச் சொல்கிறது. அதை வைத்திருக்கும் வரி, தன் பிள்ளைகளின் அளவைக் கூட்டிச் சொல்கிறது. வரிகளை வைத்திருக்கும் பெட்டி எல்லா வரிகளையும் கூட்டி மேலே அனுப்புகிறது. கடைசியில் சாளரத்துக்கு வந்து சேரும் செய்தி, குறைந்தது 1600 பிக்சல் வேண்டும் என்பது. அதற்குக் கீழே சாளரத்தைச் சுருக்க ஜிடிகே சம்மதிக்காது. சம்மதித்தால் ஏதோ ஒரு விட்ஜெட் நசுங்கிப் போகும். கீழிருந்து மேலே கோரிக்கை, மேலிருந்து கீழே ஒதுக்கீடு. இந்த ஒழுங்கில்தான் எல்லாச் சாளரமும் நிற்கிறது.

இப்போது அந்தப் படிவத்தைத் தூக்கி ஒரு ஸ்க்ரோல்டு விண்டோவுக்குள் வைக்கிறோம். பலரும் என்ன நினைக்கிறார்கள்? வலது ஓரத்தில் ஒரு பட்டை வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் நடந்தது அதைவிடப் பெரிய காரியம். மேலே போய்க்கொண்டிருந்த கோரிக்கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஸ்க்ரோல்டு விண்டோ உள்ளே இருக்கும் பெட்டியிடம், உனக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுகிறது. வெளியே இருக்கும் சாளரத்திடம், எனக்குச் சில பத்து பிக்சல் போதும் என்று சொல்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு பேச்சு. பட்டை என்பது இந்த ஏற்பாட்டின் வெளி அடையாளம், அவ்வளவே.

இதைப் புரிந்துகொள்ளாமல் நிரலை ஓட்டிப் பார்த்தால் முதலில் வரும் காட்சி இது: சாளரம் திறக்கிறது, நாற்பது வரிப் படிவம் ஒன்றரை வரி உயரத்தில் ஒரு கீற்றாகத் தெரிகிறது. ஸ்க்ரோல் வேலை செய்யவில்லை என்று மாணவர்கள் வருவார்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. உயரத்தை யார் தருவது என்று யாருமே சொல்லவில்லை, அதுதான் குறை. முன்பு பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த உயரத்தை இனி நிரல் எழுதுகிறவர்தான் தர வேண்டும். தருவதற்குப் பல வழிகள் உண்டு. சாளரத்துக்குத் தொடக்க அளவு ஒன்று வைத்து, ஸ்க்ரோல்டு விண்டோவைச் செங்குத்தாக விரியச் சொல்லலாம். முழுச் சாளரமும் படிவமே என்றால் இதுதான் சரி. உரையாடல் பெட்டி என்றால் குறைந்தபட்ச உள்ளடக்க உயரம் என்ற பண்புக்கு 300 என்று ஒரு எண் கொடுக்கலாம். இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. 3.22 பதிப்பிலிருந்து, உள்ளே இருப்பதன் இயல்பான உயரத்தை வெளியே சொல்ல அனுமதித்து, அதற்கு ஒரு உச்சவரம்பும் வைக்கலாம். ஐந்து வரி வந்தால் பெட்டி ஐந்து வரி உயரத்தில் நிற்கும். ஐம்பது வரி வந்தால் 400 பிக்சல் வரை வளர்ந்து, அதன்பிறகு உருளத் தொடங்கும். பிழைச் செய்திப் பட்டியல், தேடல் முடிவுகள் போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். எது உருள வேண்டும், எது உருளக் கூடாது? ‘சேமி’, ‘ரத்து’ பொத்தான்களை ஸ்க்ரோல்டு விண்டோவுக்கு வெளியே, அதன் கீழே வையுங்கள். படிவத்தோடு சேர்த்து உள்ளே வைத்தால், இருபதாம் வரியில் ஒரு எழுத்தைத் திருத்த வந்தவர் சேமிப்பதற்காகக் கடைசி வரை உருட்டிப் போக வேண்டியிருக்கும். வயதானவர்கள், மவுஸ் பிடிக்கக் கை நடுங்குகிறவர்கள், நாள் முழுதும் இதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் சேவை மையப் பெண்கள், இவர்களை நினைத்துப் பார்த்தால் இது அழகு பற்றிய கேள்வியாகத் தெரியாது. என்ன செய்வதென்று தெரியாதபோது முழுச் சாளரத்தையும் ஒரு ஸ்க்ரோலுக்குள் போட்டுவிடும் பழக்கம் பெருகியிருக்கிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இனி, உருளும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதோ ஒரு அட்டை. நடுவில் சதுரமாக ஒரு துளை போட்டிருக்கிறேன். இதை இன்றைய நாளிதழின்மேல் வைக்கிறேன். அட்டை அசையவில்லை. அடியில் இருக்கும் நாளிதழை மேல்நோக்கி இழுக்கிறேன். துளை வழியே கீழ்ச்செய்திகள் தெரிகின்றன. ஜிடிகே-யில் இந்தத் துளைக்கு வியூபோர்ட் என்று பெயர். பட்டையின் கைப்பிடி கீழே போகும்போது காகிதம் மேலே போகிறது என்பதைக் கவனியுங்கள். எதிர்த்திசை. கைப்பிடி 200-ல் இருந்தால், காகிதத்தின் மேல் ஓரம் துளைக்கு 200 பிக்சல் மேலே இருக்கிறது என்று பொருள். நிரலில் கழித்தல் குறி எங்கிருந்து வருகிறது என்று குழம்புகிறவர்கள் வீட்டில் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

பட்டைக்கும் துளைக்கும் நடுவே அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு பொருள் இருக்கிறது. திரையில் தெரியாது. ஆறு எண்களை வைத்திருப்பதுதான் அதன் தொழில்: கீழ் எல்லை, மேல் எல்லை, இப்போதைய மதிப்பு, பக்க அளவு, ஒரு அடி நகர்வு, ஒரு பக்க நகர்வு. நம் படிவத்தில் கீழ் எல்லை 0, மேல் எல்லை 1600. துளையின் உயரம் 500 என்றால் பக்க அளவு 500. அப்படியானால் மதிப்பு அதிகபட்சம் எவ்வளவு போகும்? 1600 என்று சொல்லத் தோன்றும். 1100 வரைதான் போகும். மேல் ஓரம் 1100-ல் நிற்கும்போதே கீழ் ஓரம் 1600-ஐத் தொட்டுவிடுகிறது. மேல் எல்லையிலிருந்து பக்க அளவைக் கழித்தால் கிடைப்பதுதான் கடைசி இடம். இந்த ஒரு கழித்தலை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னால் நான் சொல்லப்போகும் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

கைப்பிடியின் நீளமும் இந்த எண்களிலிருந்துதான் வருகிறது. 1600-ல் 500 தெரிகிறது. பட்டையின் பாதை 480 பிக்சல் என்றால் கைப்பிடி 150 பிக்சல். இன்னும் எவ்வளவு பாக்கி என்று படிப்பவர் கைப்பிடியைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொள்கிறார். இது தொடக்கத்திலிருந்தே எல்லா இடத்திலும் இருந்ததல்ல. உருள்பட்டையை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1970களிலேயே ஸ்மால்டாக் சூழலில் வைத்திருந்தார்கள், அதுவும் சாளரத்தின் இடப்பக்கத்தில். 1984-ல் வந்த மெக்கின்டாஷில் கைப்பிடி ஒரே அளவுச் சதுரம். இரண்டு பக்கக் கடிதமானாலும் இருநூறு பக்கப் புத்தகமானாலும் சதுரம் மாறாது. விண்டோஸ் 95 அளவுக்கேற்ப நீளும் கைப்பிடியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அட்ஜஸ்ட்மென்ட் தனிப் பொருளாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. இரண்டு ஸ்க்ரோல்டு விண்டோக்களுக்கு ஒரே அட்ஜஸ்ட்மென்டைக் கொடுக்கலாம். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு, இரண்டும் ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றை உருட்ட மற்றதும் சேர்ந்து உருளும். அதற்குத் தனியாக ஒரு வரி நிரலும் எழுத வேண்டாம்.

சரி, வியூபோர்ட் எல்லாவற்றுக்கும் தேவையா? தேவையில்லை. தானே உருளத் தெரிந்த விட்ஜெட்டுகள் சில உண்டு: பல வரி உரைப்பகுதி, மரப்பட்டியல், நான்காம் பதிப்பின் லிஸ்ட் வியூ போன்றவை. இவை அட்ஜஸ்ட்மென்டோடு நேரடியாகப் பேசும். பெட்டி, கட்டம், லேபிள், படம் போன்றவற்றுக்கு உருளத் தெரியாது. அவற்றுக்குத்தான் நடுவில் வியூபோர்ட் வேண்டும். இரண்டாம் பதிப்புக் காலத்தில் இதற்கென்று தனி அழைப்பு இருந்தது. 3.8-லிருந்து, உள்ளே போடுவது உருளத் தெரியாததாக இருந்தால் ஸ்க்ரோல்டு விண்டோவே வியூபோர்ட்டைச் சேர்த்துக்கொள்கிறது. வசதிதான். ஆனால் நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது கண்ணில் படாமல் போய்விட்டது.

அதன் விளைவைச் சொல்கிறேன். ஒரு வாக்காளர் பட்டியலை மரப்பட்டியல் விட்ஜெட்டில் காட்டுகிறீர்கள். மேலே வரிசை எண், பெயர், வயது என்று தலைப்பு வரி. ஓரங்களில் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று பட்டியலை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஸ்க்ரோல்டு விண்டோவில் போடுகிறீர்கள். உருட்டினால் தலைப்பு வரியும் சேர்ந்து மேலே ஓடிவிடுகிறது. நூறாவது வரியில் நிற்பவருக்கு எந்த நெடுவரிசை எது என்று தெரியவில்லை. தலைப்பு ஓடினால், நடுவில் வேண்டாத வியூபோர்ட் ஒன்று இருக்கிறது என்று உடனே கண்டுகொள்ளுங்கள். பட்டியலை நேராக ஸ்க்ரோல்டு விண்டோவில் வைத்தால் தலைப்பு அதன் இடத்தில் நிற்கும், வரிகள் மட்டும் உருளும்.

பெரிய பட்டியல்களில் இது வேகத்தையும் தொடுகிறது. ஒரு லட்சம் வரி, வரிக்கு 30 பிக்சல் என்றால் 30 லட்சம் பிக்சல் உயரக் காகிதம். நேராக வைத்த லிஸ்ட் வியூ அத்தனைக்கும் விட்ஜெட் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் வரிகளுக்கும் அவற்றின் அக்கம்பக்கத்துக்கும் மட்டும் செய்து, மேலே மறையும் வரிகளின் விட்ஜெட்டைக் கீழே வரும் வரிகளுக்கு மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். அதையே பெட்டிக்குள் திணித்தால் எவ்வளவு தெரிகிறது என்ற செய்தி அதற்குப் போய்ச் சேராது. ஒரு லட்சம் லேபிள்களை நாமே அடுக்கி வியூபோர்ட்டில் வைப்பதும் தவறுதான். பழைய எக்ஸ் சாளர அமைப்பில் அதற்கு ஒரு சுவரே இருந்தது. அந்த நெறிமுறையில் இடத்தைக் குறிக்கும் எண்கள் 16 பிட், அதாவது 32,767 வரைதான். வரிக்கு 30 பிக்சல் என்றால் ஆயிரத்துத் தொண்ணூறு வரிகளைத் தாண்டியதும் காட்சி சிதைந்துவிடும். நிரலில் பிழையைத் தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. பிழை இருப்பது அடித்தளத்தில்.

மற்ற கருவித்தொகுதிகளைச் சுருக்கமாகத் தொட்டுப் போகிறேன். பைத்தான் படிப்பவர்கள் முதலில் பிடிப்பது டிகே-யை. அங்கே ஃப்ரேமுக்கு உருளவே தெரியாது. அதனால் ஒரு கேன்வாஸ் வைத்து, அதற்குள் ஃப்ரேமை ஒரு பொருளாகப் பதித்து, ஃப்ரேமின் அளவு மாறும்போதெல்லாம் கேன்வாஸின் உருள் எல்லையைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பை விட்டுவிட்டால் பட்டை அசையாமல் கிடக்கும். க்யூட்டியின் ஸ்க்ரோல் ஏரியாவில், உள்ளே இருப்பது வெளியோடு சேர்ந்து விரிய வேண்டுமா என்ற பண்பு இயல்பாக ‘வேண்டாம்’ என்று இருக்கும். அதை மாற்றாவிட்டால் சாளரத்தைப் பெரிதாக்கினாலும் படிவம் ஒரு மூலையிலேயே ஒதுங்கி நிற்கும். ஸ்விங்கில் சாதாரணப் பேனலை ஸ்க்ரோல் பேனில் வைத்தால் ஒரு அடி நகர்வு வெறும் ஒரு பிக்சல். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி விரல் வலிக்கும். அதை 16 என்று மாற்றினால் தீர்ந்தது.

மவுஸ் சக்கரம் என்றதும் ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மாலையில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் 1996-ல் இன்டெலிமவுஸை வெளியிட்ட பிறகு சக்கரம் எல்லார் கைக்கும் வந்தது. அதன்பிறகு யாரும் பட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. சுட்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே சக்கரத்தை உருட்டுகிறார்கள். நம் படிவத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு கீழ்விரிப் பெட்டி இருக்கிறது, தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் அகர வரிசையில். ஜிடிகே மூன்றாம் பதிப்பில் கீழ்விரிப் பெட்டியின்மேல் சுட்டி இருக்கும்போது சக்கரத்தை உருட்டினால், பெட்டியின் மதிப்பு மாறும். விண்ணப்பதாரர் மதுரையைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த வரிக்குப் போகச் சக்கரத்தை உருட்டினார். படிவம் மேலே நகர்ந்தது, மாவட்டப் பெட்டி சுட்டிக்கு அடியில் வந்து நின்றது, சக்கரம் இன்னும் ஒரு சொடுக்கு உருண்டது. மதுரை மயிலாடுதுறை ஆகிவிட்டது. சத்தமில்லை, எச்சரிக்கை இல்லை. அவர் அதற்குள் கீழே போய்விட்டார். விண்ணப்பம் வேறு மாவட்டத்துக்குப் போய்ச் சேருகிறது. சான்றிதழ் வரவில்லை என்று நாளைக்கு அவர் அலையும்போது எங்கே தவறு நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்களை ஏற்றி இறக்கும் பெட்டியும் இப்படித்தான். க்யூட்டியிலும் இதே நடத்தை உண்டு. தீர்வு கடினமானதல்ல. ஜிடிகே மூன்றில், பெட்டியின் உருட்டல் நிகழ்வைப் பிடித்து, பெட்டியின் சொந்தக் கையாளலை நிறுத்திவிட்டு, நிகழ்வைத் தீர்ந்ததாகச் சொல்லாமல் விட்டால் அது மேலே போய் ஸ்க்ரோல்டு விண்டோவைச் சேரும். படிவம் உருளும், மதிப்பு மாறாது. இரண்டு வரி நிரல். உருளும் படிவத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கீழ்விரிப் பெட்டிக்கும் எண் பெட்டிக்கும் இதைச் செய்யுங்கள். அடுத்தவர் தந்த தகவலைக் கையில் வாங்கி வைத்திருக்கிறோம். அது நம் கையில் இருக்கும்போது மாறிவிடக் கூடாது.

தமிழில் இடைமுகம் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. பொதுவாகப் படிவத்தைக் கிடைமட்டத்தில் உருள விடக் கூடாது. அந்தப் பக்கம் உருளாமல் நிறுத்தும் அமைப்பு ஸ்க்ரோல்டு விண்டோவின் பாலிசி என்ற பண்பில் இருக்கிறது. நிறுத்தினால், உள்ளே இருக்கும் பெட்டியின் குறைந்தபட்ச அகலம் இப்போது வெளியே சொல்லப்படும். வரி மடியும் லேபிளின் குறைந்தபட்ச அகலம் என்ன? அதில் இருக்கும் மிக நீளமான சொல். நம் மொழியில் ‘மறுபரிசீலனைக்குட்படுத்தப்பட்டவை’ என்று ஒரே சொல்லாக எழுத முடியும். ஆங்கிலத்தில் ஒழுங்காக நின்ற சாளரம், இப்படி ஒரு சொல் வந்தவுடன் பக்கவாட்டில் விரிந்து திரையைத் தாண்டும். லேபிளின் மடிப்பு முறையில், சொல் இடைவெளியில் மட்டும் மடி என்பதோடு, இடமில்லாதபோது சொல்லுக்குள்ளும் மடி என்று சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். அகலம் அடங்கும், உயரம் கூடும், உயரத்தை ஸ்க்ரோல் பார்த்துக்கொள்ளும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் வரி உயரமும் ஆங்கிலத்தைவிடக் கூடுதல். ஆங்கிலத்தில் எழுநூறு பிக்சலுக்குள் அடங்கிய அமைப்புப் பெட்டி தமிழில் அடங்காமல் போகலாம். மொழிபெயர்ப்பவரிடம் சொல்லைக் குறுக்கச் சொல்வது நியாயமில்லை. பெட்டியைத்தான் நாம் வளைந்துகொடுக்கச் செய்ய வேண்டும்.

பட்டையை மறைப்பதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஆப்பிளின் லயன் பதிப்பிலும் உபுண்டுவின் 11.04 பதிப்பிலும், தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டும் பட்டைகள் வந்தன. ஜிடிகே 2015-ல் 3.16 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது. படம் பார்க்கும் நிரலுக்கு அது அழகு. படிவத்துக்கு அது கேடு. கீழே இன்னும் இருக்கிறது என்று தெரியாத மனிதர் மேலே தெரியும் பத்து வரியை நிரப்பிவிட்டு முடித்துவிட்டதாக நினைக்கிறார். இப்படித் தலைகாட்டி மறையும் பட்டை வேண்டாம் என்று ஒரு வரியில் நிறுத்தி, செங்குத்துப் பட்டையை எப்போதும் தெரியும்படி வைக்கலாம். அலுவலக நிரல் எழுதுகிறவர்கள் தயங்காமல் அதைச் செய்யுங்கள்.

கடைசியாக, மேலே தள்ளிவைத்த சிக்கல். அரட்டை நிரல், பதிவுகள் ஓடும் சாளரம், இவற்றில் புதிய வரி கீழே சேர்ந்ததும் காட்சி தானாகக் கீழே போக வேண்டும். மாணவர்கள் எழுதுவது இப்படி: வரியைச் சேர், உடனே மதிப்பை மேல் எல்லை கழித்தல் பக்க அளவு என்று வை. ஓட்டிப் பார்த்தால் கடைசி வரிக்கு முந்தைய வரியில் போய் நிற்கும். எப்போதும் ஒரு வரி பின்னால். காரணம், வரியைச் சேர்த்த கணத்தில் அதன் உயரம் இன்னும் அளக்கப்படவில்லை. கோரிக்கை, ஒதுக்கீடு என்று முன்பு சொன்ன அந்தச் சுற்று இனிமேல்தான் நடக்கும். மேல் எல்லையில் இருப்பது பழைய எண். சிலர் நூறு மில்லி விநாடி காத்திருந்து பிறகு மதிப்பை வைக்கிறார்கள். தங்கள் கணினியில் ஓடும். வேகம் குறைந்த கணினியில் ஓடாது. காத்திருப்பதை விட்டுவிட்டு, அட்ஜஸ்ட்மென்டின் எல்லைகள் மாறும்போது அது எழுப்பும் சமிக்ஞையைக் கேளுங்கள். அது வரும்போது அளவு முடிந்திருக்கும், எண் புதியதாக இருக்கும். உரைப்பகுதி விட்ஜெட்டில் இதைவிட எளிது. முடிவில் ஒரு அடையாளக்குறி வைத்து, அந்தக் குறிக்கு உருட்டு என்று சொன்னால், வரிகளை அளந்து முடித்தபிறகு அதுவே சரியான இடத்துக்குப் போகும்.

ஆனால் கீழே போவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். படிப்பவர் எங்கே இருக்கிறார்? அவர் ஏற்கெனவே அடியில் இருந்தால் கீழே கொண்டுபோகலாம். மேலே உருட்டிப் போய், நேற்றைய செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடக் கூடாது. படித்துக்கொண்டிருந்த வரி கண்ணெதிரே பிடுங்கப்படுவதை நாம் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். புதிய வரியைச் சேர்ப்பதற்கு முன்னால், மதிப்பும் பக்க அளவும் சேர்ந்து மேல் எல்லையைத் தொடுகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிருந்தால் மட்டும் நகர்த்துங்கள். தொடவில்லையென்றால் ஓரத்தில் ‘புதிய செய்தி’ என்று ஒரு சிறு பொத்தான் காட்டினால் போதும்.

மேற்பக்கத்தில் பொருள் சேரும்போதும் இதே கவனம் வேண்டும். பழைய செய்திகளை மேலே ஏற்றுகிறோம், அல்லது மேலே இருக்கும் படம் தாமதமாக வந்து இடம் பிடிக்கிறது. உயரம் 300 கூடியது என்றால் மதிப்பிலும் 300 கூட்டுங்கள். படிப்பவர் பார்த்துக்கொண்டிருந்த வரி அதே இடத்தில் நிற்கும். குரோம் உலாவி 2017-லிருந்து இதைத் தானாகவே செய்கிறது. நம் சாளர நிரல்களில் நாமே செய்ய வேண்டும்.

நிரலை மூடித் திறக்கும்போதும் விட்ட இடத்தில் கொண்டுபோய் விடலாம். மதிப்பைப் பிக்சலாகச் சேமிக்காதீர்கள். எழுத்தின் அளவு மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எந்த வரி மேலே இருந்தது என்று சேமியுங்கள். திறந்ததும் அளவுச் சுற்று முடியும்வரை பொறுத்து, எல்லைகள் மாறிய சமிக்ஞை வந்தபின் அந்த வரிக்கு உருட்டுங்கள்.

படிவத்தை யாரிடமாவது கொடுப்பதற்கு முன், மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை டேப் விசையை மட்டும் அழுத்திப் போங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அடுத்த பெட்டி தானாகத் துளைக்குள் வந்து நிற்க வேண்டும். ஜிடிகே நான்கில் வியூபோர்ட்டுக்கு இதற்கென்றே ஒரு பண்பு இருக்கிறது. எங்காவது நீங்கள் தட்டும் எழுத்து கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் விழுந்தால், அங்கே நிறுத்திச் சரிசெய்யுங்கள். பிறகு எழுத்தின் அளவை ஒன்றரை மடங்காக்கி மறுபடியும் அதே டேப்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.